குறிமுள்ளுக்கு அடியில் இருந்த நீலம்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சின்னவளும் நலம். நீங்களும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கடிதமே மொத்தம் அவ்வளவுதான் என்பதால் மறக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். துறைமுக வேலைக்குப் போன புதிதில் எப்படியெல்லாம் எழுதுவீர்கள்! கிரேன் மேலிருந்து பார்த்தால் கப்பல்கள் சோப்புப் பெட்டி மாதிரி தெரிகின்றன, வெல்டர் தம்பிக்கு உச்சந்தலையில் வழுக்கை விழ ஆரம்பித்ததை அவனுக்கு முன்னால் நான்தான் கண்டுபிடித்தேன் என்று பக்கம் பக்கமாக வரும். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். இப்போது நாலைந்து வரி, கொட்டை எழுத்தில், பாதி வரி மேலே ஏறிக்கொண்டு போகிறது. ஏதோ ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி எழுதித் தள்ளுகிறீர்கள். மிச்ச நேரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா?

சின்னவளுக்குச் சளி பரவாயில்லை. ராத்திரி மட்டும் மூக்கு அடைத்துக்கொள்கிறது. மூச்சு வருகிறதா என்று நான் விரலை வைத்துப் பார்த்து, அதில் அவள் விழித்துக்கொண்டு, பிறகு இருவருமே தூங்குவதில்லை. டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார். "குழந்தை நல்லா இருக்கும்மா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உங்கள் கண்ணாடிக்காரம்மா அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி, அதற்குள் உங்கள் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு தோல் வாஷர், இரண்டு திருகுகள். வெறும் இரும்பை இப்படிப் பூப்போல மடித்துக்கூட அனுப்புவார்களா என்று நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவள் ஒரு திருகை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி, அது தரையில் விழுந்து உருண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி எடுத்தேன். உங்கள் ஒரிஜினல் திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஒரிஜினல் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் மூன்றாவது திருகு ஏதாவது கிடக்கிறதா என்று இன்னும் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

கீழ் வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் துப்பாக்கிக்குத் தாலாட்டு பாடாத குறைதான். போகட்டும், அதுக்குப் பால்புட்டி வாங்கி அனுப்புற அளவுக்கு இன்னொருத்தி வேற இருக்காளா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் போன பிறகு அந்த மஞ்சள் துணியால் அடுப்பைத் துடைத்தேன். எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் தடவை அந்தக் கடைக்கு எதற்குப் போனீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குக் கண்ணாடி மாற்ற. அங்கே சுவரில் அவளுடைய அப்பாவின் பழைய ஏர்கன் மாட்டியிருந்ததாம். பேச்சு அதில் ஆரம்பித்து, மதியம் போனவர் விளக்கு வைத்த பிறகு வந்தீர்கள், கண்ணாடி இல்லாமல். "என்னங்க, கண்ணாடி எங்கே?" என்று கேட்டால், அவளுடைய அப்பா விட்டுப்போன தகரப் பெட்டி நிறைய உதிரிபாகங்கள் இருக்கின்றன, எது எந்த வருஷத்தது என்று கையில் எடுத்ததும் சொல்கிறாள் என்று ஆரம்பித்தீர்கள். உங்கள் முகத்தில் அன்றிருந்த வெளிச்சத்தை நான் நம் கல்யாண போட்டோவில்தான் கடைசியாகப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில், "கண்ணாடிக்காரம்மா வீட்டுக்கு வருவாங்க, சின்ன துப்பாக்கியக் குடுத்துடு. பெரிசையும் பாக்கணும்னாங்க, காட்டு" என்றீர்கள். நான் ஏன் என்று கேட்பதற்குள், சூப்பர்வைசர் அறையில் வரிசையில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று வைத்துவிட்டீர்கள்.

பெரிய துப்பாக்கியைத் தாராளமாகக் காட்டுகிறேன். போன விடுமுறை முழுக்க அதுதானே நம் வீட்டு விருந்தாளி. குழலில் இருக்கும் எண்ணும் விசைப் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்று, திருகுத் தலைகளின் காடி ஒன்றுகூடச் சிதையவில்லை, யாரும் கை வைக்காத துப்பாக்கி, பின் குறிமுள் மட்டும்தான் இல்லை என்று என்னைப் பாடாய்ப் படுத்தினீர்கள். குறி பார்க்கும்போது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும், நடுவில் பள்ளம் வெட்டிய அந்தச் சின்னத் துண்டுக்காக ஊரெல்லாம் கடிதம் எழுதினீர்கள். பழைய சாமான் வியாபாரியிடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மாட்டிவிட்டு, "அச்சு அசலா இதுக்குன்னே பொறந்தது!" என்று சின்னவளைத் தூக்கிச் சுற்றினீர்கள். அவள் கைதட்டினாள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் சின்ன துப்பாக்கி அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் வைத்து எனக்குச் சுடச் சொல்லிக் கொடுத்தது அதில்தான். மூச்சைப் பாதியில் நிறுத்து, விசையை இழுக்காதே, அழுத்து என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். முதல் குண்டிலேயே பால் டப்பா கவிழ்ந்தது. "அடிப்பாவி!" என்றீர்கள். அவ்வளவு பெருமையாக என்னை யாரும் திட்டியதில்லை. அதைப் போய் அவளுக்கா?

கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். கொட்டை எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சின்னவளின் அம்மா


சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இதைக் கிரேன் மேல் உட்கார்ந்து படிக்காதீர்கள். ஏறியிருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே வந்து, சமமான தரையில் உட்கார்ந்து படியுங்கள். விடுமுறை முடிந்து இன்று திரும்புகிற வெல்டர் தம்பியிடம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன். தாள் நிறையச் செலவாகிறது, ஆகட்டும்.

கண்ணாடிக்காரம்மா நேற்று வந்தார்.

வருகிறார் என்று தெரிந்ததும் காலையிலிருந்து வீட்டைப் பெருக்கினேன். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டினேன், பிறகு அவளுக்காகக் கட்டியது போல இருக்கிறதே என்று அவிழ்த்துவிட்டுப் பழையதைக் கட்டினேன், அதில் சின்னவள் பால் கக்கிவிட்டாள், அப்படியே கதவைத் திறந்தேன்.

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். முன் தலையில் ஒரு கொத்து நரை. சாயம் போன குடை, தேய்ந்த செருப்பு. அவர் அழகாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அழகில் மயங்கிவிட்டீர்கள் என்று உங்களைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இவரிடம் உங்களைப் பிடித்து வைத்தது பேச்சு. அதற்கு நான் எந்தச் சேலையைக் கட்டுவது?

இதில் சின்னவள் வேறு. டாக்டரைக் கண்டால் கத்துவாள், கீழ் வீட்டு அக்காவிடம் போகமாட்டாள். இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய் மடியில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். "அப்பனை உரிச்சு வச்சிருக்கு. அவரும் கடைக்கு வந்தா எதையாவது கழட்டாமப் போகமாட்டார்" என்றார். அப்பாவும் பெண்ணும் பேசி வைத்துக்கொண்டு கட்சி மாறியது போல இருந்தது எனக்கு.

காபி கொடுத்தேன். கொடுத்த கையோடு, சின்ன துப்பாக்கியைத் தர முடியாது, வேண்டுமானால் என் வீட்டுக்காரரே வந்து கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வாதாடுவார் என்று நினைத்தேன். "நல்லதாப் போச்சு. நான் அதுக்காக வரல. வேண்டாம்னு அவர்கிட்டயும் சொன்னேன்" என்றார். பெரியதை மட்டும் கேட்டார்.

ஜன்னலோரம், நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். வாஷர், ஸ்பிரிங் எதையும் கேட்கவில்லை. குழலை வெளிச்சத்தில் சாய்த்து அந்தப் பின் குறிமுள்ளைப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். பிறகு, "இது இதோடது இல்லம்மா" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, என் புருஷனுக்குத் தெரியாது என்கிறாளே என்று இருந்தது. நானும் விடவில்லை. "அவர் பார்த்துத்தான் மாட்டினார். அவர் ஒரிஜினல்னு சொன்னா ஒரிஜினல்தான். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாக்கூட அவர் கண்ணுலேருந்து தப்பாது" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. துப்பாக்கியை என் பக்கம் திருப்பி, "நான் எதுவும் சொல்லல. நீங்களே பாருங்க. முள்ளைப் பாக்காதீங்க, அதைச் சுத்தி இருக்குற இரும்பைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன்.

நான் வேதியியல் படித்தவள் என்பதை இந்த வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டோம், நானும்தான். துப்பாக்கி இரும்பின்மேல் தெரியும் நீலம் தடவிய வர்ணம் இல்லை, இரும்பே தன்மேல் வளர்த்துக்கொண்ட மெல்லிய தோல் என்று எனக்குத் தெரியும். வெயிலும் வியர்வையும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து அது காலப்போக்கில் சாம்பலாக வெளுக்கும். எதன் அடியில் மறைந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெளுக்காது. நம் துப்பாக்கியில் அந்த முள்ளின் முன்பக்கம் பிறைபோல ஒரு துண்டு, புதுசு மாதிரிக் கருநீலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் முள்ளின் அடிப்பாகம் வெளுத்த இரும்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் அந்த இடத்தில் இருந்தது இதைவிட முன்னால் தள்ளி உட்கார்ந்த, முன்முனை வளைந்த வேறொரு முள். நீங்கள் மாட்டியது அதே தொழிற்சாலையில் செய்ததாகவே இருக்கலாம். இந்தத் துப்பாக்கியில் வாழ்ந்தது இல்லை.

எனக்கு அது தெரிந்தது. அடுப்படியிலிருந்து வந்து, கையில் காபி டம்ளரோடு, ஒரு விநாடி குனிந்த எனக்குத் தெரிந்தது.

என் வாய் என்னை முந்திக்கொண்டது. "இவ்வளவு பெரிசா இருக்கு. இது எப்படி அவருக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சின்னவளிடமிருந்து கண்ணாடியை வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். மேலே ஏறிக்கொண்டு போகும் உங்கள் எழுத்து. போன விடுமுறையில் டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேசையில் வழிந்தது, நான் "எங்கே பாத்து ஊத்துறீங்க?" என்று கத்தியது. கண்ணாடி மாற்றப் போனவர் கண்ணாடி இல்லாமல் வந்தது. சின்ன துப்பாக்கியைக் கொடுத்துவிடச் சொன்னது. ஒவ்வொன்றும் வந்து வரிசையில் நின்றது.

எந்தக் கண் என்று கேட்டேன். "என்கிட்ட கேக்காதீங்கம்மா. சொல்லமாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கார்" என்றார். வலது கண்ணா என்று கேட்டேன். கண்ணாடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். நடுவில் கறை மாதிரி மறைக்கிறதா, நேர்க்கோடு வளைந்து தெரிகிறதா என்று ஏதேதோ கேட்டேன், எங்கோ படித்ததை வைத்து. அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. சத்தியத்தை அவர் மீறவில்லை, நீங்கள் அவரைத் திட்ட வேண்டாம். முள்ளைக் காட்டினார், அவ்வளவுதான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

போகும்போது வாசலில் நின்று, "நான் கண்ணாடிதான் விக்கிறேன், டாக்டர் இல்ல. போய்க் காட்டுங்க, காட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காட்டுனா கண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுத்துருவாங்க, வேலை போயிரும்ங்கிறார். அந்தச் சின்ன துப்பாக்கிய நான் வாங்கிக்கிட்டா, இனிமே அவர் சுடவே போறதில்லன்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் வேண்டாம்னுட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் இடத்தில் நான்தான் நின்றிருக்க வேண்டும். அவர் தெரு முனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவர். அவர்மேல் இருந்த பொறாமை கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. கூடியிருக்கிறது. முன்பு, உங்கள் சந்தோஷத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று வயிறெரிந்தேன். சந்தோஷம் போனால் போகிறது, அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உங்கள் பயத்தை அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு 'நலம்' என்று ஒரு சொல்லை அனுப்பிவிட்டு, பயத்தை முழுசாக அங்கே இறக்கி வைத்திருக்கிறீர்கள். அது எனக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டுத் தூங்காமல் கிடக்க வேண்டியவள் நான்.

ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். இவள் குழந்தை தும்மினாலே டாக்டர் வீட்டுக்கு ஓடுகிறவள், இவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆவாள் என்று நினைத்திருப்பீர்கள். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சளிக்குத்தான் நான் நடுங்குவேன். இதற்கு இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பிறை அளவு நீலம் தெரியாத கண்ணோடு நீங்கள் தினமும் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிறீர்கள். அதை இறக்குகிற இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். கீழே நிற்கிறவன் வீட்டிலும் ஒருத்தி சளி பிடித்த குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நீங்கள் தப்பாக இறக்கினால், அவளுடைய முகத்தைப் பார்க்க நமக்கு எந்தக் கண்ணும் உதவாது.

அதனால் நாளைக்கு ஏறாதீர்கள். வயிற்றுவலி என்று சொல்லுங்கள், பெண்டாட்டி ராட்சசி, உடனே வரச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை காலைக்குப் பேர் பதிந்திருக்கிறேன். சீக்கிரம் பார்த்தால் சில பேருக்கு இது சரியாகிறது என்று அங்கே சொன்னார்கள். சில பேருக்குத்தான். நான் பொய் சொல்லமாட்டேன், நீங்களும் இனி எனக்குச் சொல்லாதீர்கள். வேலை போனால் போகட்டும். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் வேதியியலுக்கு ஆள் இல்லாமல் ஒரு வருஷமாகப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலமே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டேன். கீழ் வீட்டு அக்கா சின்னவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். சின்னவள்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால், நானே சூப்பர்வைசர் அறைக்குப் போன் செய்வேன். வரிசையில் நிற்கிற எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுவேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருங்கள், பக்கத்திலேயே பேசாமல் இருங்கள்.

சின்னவளுக்கு இன்று காலை ஒரு புதுப் பழக்கம். யார் முகத்தையாவது இரண்டு கையாலும் பிடித்து, மூக்கோடு மூக்கு வைத்து, கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறாள். என்ன தேடுகிறாளோ. அவ்வளவு கிட்டத்தில் வந்தால் யாருக்கும் யாரையும் தெரியும்.

படிகளில் பார்த்து இறங்குங்கள். ஒரு கையாவது எப்போதும் கம்பியில் இருக்கட்டும். கடைசிப் படிக்குக் கீழே தரை இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும். வந்து என்னோடு சண்டை போட வேண்டும்.

தன் பயத்தை உங்களிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமும் சொல்லாத,
உங்கள் மனைவி